எந்தக் கிளையின் வரலாறு மாறலாம்?

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தை) பராமரிக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது, எத்தனை கிளை (அந்த நிரலின் தனித்தனி வளர்ச்சிப் பாதை) வைப்பது, என்ன பெயர் வைப்பது என்பதைத்தான். அதற்கும் முன்பாக முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கிளையின் வரலாற்றைத் திருத்தி எழுதலாம், எதில் கைவைக்கவே கூடாது? இதற்குப் பதில் தெளிவாக இல்லாத திட்டங்களில்தான் ரீபேஸா (மாற்றங்களை வேறோர் அடிப்படையின் மேல் திருப்பி எழுதுவது) மெர்ஜா (இரு கிளைகளை அப்படியே இணைப்பது) என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடுகிறது.

மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் ஒரு கமிட்டின் (பதிவான ஒரு மாற்றத்தின்) ஹேஷ், அதாவது அதன் அடையாள எண், அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்தோடு அதன் பெற்றோர் கமிட்டின் ஹேஷையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே பத்து கமிட்டுக்கு முந்தைய ஒன்றின் செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் புதுக் கமிட்டுகளாகிவிடும். பழைய வரலாற்றின் மேல் வேலை செய்துகொண்டிருந்தவர் அடுத்த முறை 'புல்' செய்யும்போது (சர்வரில் உள்ளதை இழுத்துச் சேர்க்கும்போது) ஒரே மாற்றம் இரண்டு ஹேஷ்களில் இரட்டையாக வந்து நிற்கும். அவர் அதை மெர்ஜ் செய்து திருப்பி அனுப்பினால், நாம் கஷ்டப்பட்டு நீக்கிய கமிட்டுகளும் கூடவே திரும்பி வந்துவிடும்.

கிட் திட்டமே தன் கிளைகளை இந்த அடிப்படையில்தான் பிரித்து வைத்திருக்கிறது. 'மெய்ன்ட்', 'மாஸ்டர்' இரண்டும் பின்னோக்கி நகராது. அடுத்த வெளியீட்டுக்கான வேலைகள் சோதனைக்காகச் சேரும் 'நெக்ஸ்ட்' சாதாரணமாக முன்னோக்கியே போகும். புதிய பதிப்பு வெளியான பின் மட்டும் அது புதிதாகக் கட்டப்படலாம். 'சீன்' என்ற கிளை அடிக்கடி கலைத்துக் கட்டப்படும், அதன்மேல் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது. 2020 வரை அதற்குப் 'பியூ' என்று பெயர் இருந்தது. லினக்ஸ் கெர்னலின் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' களஞ்சியமும் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கட்டப்படுகிறது. வெவ்வேறு துணை அமைப்புகளின் வேலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் அதன் வேலை. அதை யாரும் நிரந்தர வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை.

சிறிய திட்டத்துக்கு நான்கு கிளை தேவையில்லை. ஆனால் பங்களிப்பாளர் கையேட்டில் மூன்று வரி அவசியம் தேவை: முதன்மைக் கிளையிலும் வெளியீட்டுக் கிளைகளிலும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றை மாற்றி எழுதி அனுப்புவது) கிடையாது, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) கிளைகளை அவரவர் விருப்பம்போல் ரீபேஸ் செய்யலாம், பெயர் 'டபிள்யூஐபி' (வேலை நடக்கிறது) என்று தொடங்கும் எந்தக் கிளையையும் நம்பி எதையும் கட்ட வேண்டாம். முதல் வரியை எழுதி வைத்தால் மட்டும் போதாது. சர்வரில் கிளைப் பாதுகாப்பை இயக்கி, நிர்வாகிகளுக்கும் அதே விதி பொருந்துமாறு வைக்க வேண்டும். விதிவிலக்கு உள்ள நிர்வாகியின் கையால்தான் விபத்து நடக்கும், ஏனென்றால் மற்றவர்களை சர்வரே தடுத்துவிடுகிறது.

கிளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, குறைவாக இருப்பதே நல்லது. ஒரு முதன்மைக் கிளை, ஆதரவில் உள்ள ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வெளியீட்டுக் கிளை, சில நாட்களே வாழும் வேலைக் கிளைகள். இதற்கு மேல் ஒரு கிளை வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். 2010-இல் வெளிவந்து பரவலான 'கிட் ஃப்ளோ' முறையில் 'டெவலப்' என்றொரு நிரந்தரக் கிளை கூடுதலாக உண்டு. அந்த முறையை எழுதியவரே 2020-இல், தொடர்ந்து வெளியாகும் வலைச் செயலிகளுக்கு எளிய முறை போதும் என்று குறிப்பு சேர்த்தார். கட்டற்ற திட்டங்களில் 'டெவலப்' கிளை தரும் தொல்லை வேறு வகை. புதிதாக வருபவர் இயல்புக் கிளையிலிருந்து தொடங்கி அதற்கே புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார். நாம் "டெவலப்புக்கு மாற்றுங்கள்" என்போம். இலக்கை மாற்றியதும் சம்பந்தமில்லாத பல கமிட்டுகள் அவருடைய மாற்றத்துக்குள் வந்து நிற்கும். முதல் பங்களிப்பிலேயே ஒருவரை இப்படி அலையவிட்டால் அவர் இரண்டாவது முறை வரமாட்டார்.

பெயர் வைப்பதில் மூன்று பொறிகள் உண்டு. கிளைப் பெயர்கள் பாதைபோல் சேமிக்கப்படுவதால் 'ரிலீஸ்' என்று ஒரு கிளை இருந்தால் 'ரிலீஸ்/2.4' என்ற கிளையை உருவாக்கவே முடியாது. ஒன்று கோப்பு, மற்றது அடைவு. ஒரே பெயர் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் இரண்டு கிளைகளாக இருந்தால் லினக்ஸில் பிரச்சினை இல்லை, விண்டோஸிலும் மேக்கிலும் ஒன்று மற்றதை மூடிவிடும். கிளைக்கும் டேகுக்கும் (குறிப்பிட்ட ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயருக்கும்) ஒரே பெயர் வைத்தால், அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று தெளிவாக இல்லை என கிட் எச்சரிக்கும், பல இடங்களில் டேகையே எடுத்துக்கொள்ளும். 2.4 என்று கிளை இருந்தால், முன்னால் 'வி' சேர்த்து வி2.4.0 என்று டேக் வையுங்கள்.

பங்களிப்பைச் சேர்ப்பது

புல் ரிக்வெஸ்டை ஏற்கும்போது தளம் காட்டும் ஸ்குவாஷ் (எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக்குவது), ரீபேஸ், மெர்ஜ் கமிட் என்ற மூன்று பொத்தான்களில் எதை அழுத்துவது என்பது ரசனை சார்ந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பிழையைத் தேடும்போது கையில் என்ன இருக்கும் என்பதை அந்தப் பொத்தான்தான் தீர்மானிக்கிறது.

'கிட் பைசெக்ட்' பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. ஆயிரம் கமிட்டுகளுக்குள் பிழை நுழைந்த இடத்தைச் சுமார் பத்துப் படிகளில் காட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு கமிட்டும் பில்ட் ஆக (ஓடக்கூடிய நிரலாகத் தொகுபட) வேண்டும். "ரிவியூவில் சொன்னதைச் சரிசெய்தேன்", "மறுபடியும் சரிசெய்தேன்" என்ற கமிட்டுகள் வரலாற்றில் அப்படியே சேர்ந்தால், அவற்றில் பாதி பில்ட் ஆகாது. 'பைசெக்ட் ரன்' கொடுக்கும் ஸ்கிரிப்ட் 125 என்ற வெளியேறும் எண்ணைத் திருப்பினால் அந்தக் கமிட் தவிர்க்கப்படும் என்றாலும், தவிர்த்தவை பெருகினால் கடைசியில் ஒரே கமிட்டுக்குப் பதிலாகச் சந்தேகப் பட்டியல் ஒன்றுதான் மிஞ்சும். எனவே, ஒரே கருத்தைச் சொல்லும் புல் ரிக்வெஸ்டை ஸ்குவாஷ் செய்யுங்கள். 'முதலில் ரீஃபாக்டர், பிறகு புதிய வசதி, பிறகு சோதனை' என்று யோசித்துப் பிரித்த தொடராக இருந்தால் மெர்ஜ் கமிட்டாகச் சேருங்கள். ஸ்குவாஷ் செய்தால் அந்த உழைப்பு ஒரே குவியலாகிவிடும். மெர்ஜ் கமிட்டுகள் உள்ள வரலாற்றிலும் முதன்மைக் கோட்டை மட்டும் பார்த்துத் தேட, 2020 அக்டோபரில் வந்த கிட் 2.29 முதல் பைசெக்டுக்கும் 'ஃபர்ஸ்ட்-பேரன்ட்' தெரிவு உண்டு.

ஸ்குவாஷின் பக்கவிளைவுகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஸ்குவாஷ் ஆன கிளை கிட்டின் கண்ணுக்கு மெர்ஜ் ஆனதல்ல. 'கிட் பிராஞ்ச் --மெர்ஜ்டு' பட்டியலில் அது வராது, சிறிய 'டி' கொண்டு அழிக்க முயன்றால் "முழுமையாக மெர்ஜ் ஆகவில்லை" என்று மறுக்கும். அதைவிடத் தலைவலி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிளைகள். முதல் கிளையை ஸ்குவாஷ் செய்ததும் இரண்டாவது கிளையில் பழைய கமிட்டுகள் அப்படியே இருப்பதால், எங்கு பார்த்தாலும் மோதல் வரும். பங்களிப்பாளர் இதைப் பார்த்து மிரண்டு, எல்லாவற்றையும் கையால் சரிசெய்யத் தொடங்குவார். தேவையே இல்லை. 'கிட் ரீபேஸ் --ஆன்டு மெயின் முதல்-கிளை இரண்டாம்-கிளை' என்ற ஒரே கட்டளை, முதல் கிளைக்குப் பிறகு வந்த கமிட்டுகளை மட்டும் எடுத்து முதன்மைக் கிளையின் மேல் வைத்துவிடும். இதைப் பங்களிப்பாளர் கையேட்டிலேயே எழுதி வையுங்கள்.

ஸ்குவாஷ் செய்யும்போது கமிட் செய்தியைத் தளம் தானாக நிரப்பித் தருவதை அப்படியே விடாதீர்கள். என்ன மாறியது என்பது நிரலிலேயே தெரியும். ஏன் மாறியது என்பதைச் செய்தியில்தான் சொல்ல முடியும். உடன் எழுதியவரையும் ஒப்பமிட்டவரையும் குறிக்கும் 'கோ-ஆதர்டு-பை', 'சைன்டு-ஆஃப்-பை' வரிகள் விடுபடவில்லையா என்றும் பாருங்கள். உழைத்தவரின் பெயர் வரலாற்றிலிருந்து காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

ரிவியூவுக்குப் பிறகு பங்களிப்பாளர் ரீபேஸ் செய்து மீண்டும் அனுப்பினால், முழுவதையும் முதலிலிருந்து படிப்பது பெரும் அயர்ச்சி. 2018-இல் வந்த 'கிட் ரேஞ்ச்-டிஃப்' இதற்காகவே உள்ளது. பழைய தொடரையும் புதிய தொடரையும் கமிட் கமிட்டாக இணைசேர்த்து, எது உண்மையில் மாறியது என்று மட்டும் காட்டும். முன்பு பார்த்த கிளையின் ஹேஷை ரிவியூவில் குறித்து வைத்தால்தான் இது வசதி. புல் ரிக்வெஸ்ட்களைத் தனி 'வொர்க்ட்ரீ'யில் (அதே களஞ்சியத்தின் இன்னொரு வேலை அடைவில்) எடுத்துப் பார்த்தால், பாதியில் நிற்கும் நம் சொந்த வேலையை 'ஸ்டாஷ்' செய்ய (தற்காலிகமாக ஒதுக்கி வைக்க) வேண்டிய அவசியமும் இருக்காது.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டு புல் ரிக்வெஸ்ட்கள், இரண்டிலும் சோதனைகள் பச்சை, மெர்ஜில் மோதலும் இல்லை. ஒன்று ஒரு செயல்கூற்றின் பெயரை மாற்றியிருக்கிறது. மற்றது பழைய பெயரை ஒரு புதிய கோப்பில் அழைக்கிறது. இரண்டையும் சேர்த்ததும் முதன்மைக் கிளை உடைகிறது. கிட் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது, அதற்குப் பொருள் தெரியாது. தீர்வு, சேர்த்த பிறகு கிடைக்கப்போகும் நிலையையே முதலில் சோதிப்பது. ரஸ்ட் நிரல்மொழித் திட்டம் பல ஆண்டுகளாகவே 'பார்ஸ்' என்ற பாட் (தானியங்கி நிரல்) மூலம் இதைச் செய்து வந்திருக்கிறது. இப்போது பல தளங்களில் 'மெர்ஜ் க்யூ' என்ற பெயரில் கிடைக்கிறது. வாரத்துக்கு நான்கைந்து மெர்ஜ் மட்டும் நடக்கும் திட்டத்துக்கு இது தேவையில்லை. ஒரு நாளில் பத்துக்கு மேல் போனால் தேவைப்படும்.

வெளியீட்டுக் கிளைகளும் பின்னோக்கிச் சேர்க்கும் திருத்தங்களும்

பராமரிப்பு வேலையில் அதிக நேரம் விழுங்குவது இதுதான். வெளியீட்டுக் கிளையை, வெளியீட்டுக்கு முந்தைய முதல் சோதனைப் பதிப்பு (ரிலீஸ் கேண்டிடேட்) வரும் நாளில் பிரியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். கிளை பிரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். பிரித்த உடனே முதன்மைக் கிளையில் பதிப்பு எண்ணை உயர்த்திவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு கிளைகளின் பில்டுகளும் ஒரே எண்ணைச் சொல்லும், பிழை அறிக்கை எதைப் பற்றியது என்று தெரியாமல் திண்டாடுவோம்.

திருத்தம் எங்கே முதலில் போக வேண்டும்? இரண்டு வழிகள் உண்டு. கிட் திட்டத்தில், பிழை இருக்கும் பழைய பராமரிப்புக் கிளையிலிருந்து வேலைக் கிளையைத் தொடங்கி, பிறகு மேல்நோக்கி மெர்ஜ் செய்கிறார்கள். ஒரே கமிட், ஒரே ஹேஷ், எந்தப் பதிப்பில் திருத்தம் இருக்கிறது என்பதை 'கிட் டேக் --கன்டெய்ன்ஸ்' நேராகச் சொல்லிவிடும். ஆனால் பங்களிப்பாளர் சரியான பழைய கிளையிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் அதிகம் வரும் திட்டத்தில் இது நடக்காது. மற்ற வழி, முதன்மைக் கிளையில் முதலில் சேர்த்துவிட்டு, 'செர்ரி-பிக்' (ஒரு கமிட்டை மட்டும் நகலெடுப்பது) மூலம் பழைய கிளைகளுக்குக் கீழ்நோக்கி எடுப்பது. லினக்ஸ் கெர்னலின் 'ஸ்டேபிள்' மரத்தில் பொது விதியே, திருத்தமோ அதற்கு இணையானதோ ஏற்கெனவே லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மை மரத்தில் இருக்க வேண்டும் என்பது. பெரும்பாலான திட்டங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். அவசரத்தில் வெளியீட்டுக் கிளையில் மட்டும் திருத்திவிட்டு முதன்மைக் கிளையை மறந்தால், அடுத்த பெரிய பதிப்பில் அதே பிழை உயிர்பெற்று வரும். பயனர்கள் மன்னிக்காத தவறு அது.

செர்ரி-பிக் செய்யும்போது 'எக்ஸ்' தெரிவைச் சேர்க்கத் தவறாதீர்கள். எந்தக் கமிட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வரி செய்தியின் அடியில் சேரும். "அதுதான் 'கிட் செர்ரி' கட்டளையே எது விடுபட்டது என்று காட்டுகிறதே" என்று தோன்றலாம். அது இரு கமிட்டுகளின் மாற்றத்தையும் ஒப்பிட்டு, ஒரேபோல் இருந்தால்தான் கழித்தல் குறி போடும். பழைய கிளையில் மோதல் வந்து இரண்டு வரி மாற்றியிருந்தால் மாற்றமே வேறாகிவிடும், ஏற்கெனவே எடுத்த திருத்தத்தையும் எடுக்காததாகக் காட்டும். அப்போது நம்பத்தக்கது அந்த ஒற்றை வரிதான்.

முதன்மைக் கிளையில் திருத்தும்போதே 'ஃபிக்ஸஸ்' என்று எழுதி, பிழையை நுழைத்த கமிட்டின் ஹேஷை முதல் 12 எழுத்துகளாவது குறிப்பிடும் கெர்னல் வழக்கத்தையும் பின்பற்றலாம். அந்தக் கமிட் 2.4 கிளையில் இல்லை என்றால் திருத்தமும் அங்கே தேவையில்லை, யோசிக்காமலே முடிவெடுக்கலாம்.

முதன்மைக் கிளையை வெளியீட்டுக் கிளைக்குள் ஒருபோதும் மெர்ஜ் செய்யாதீர்கள். ஒரு திருத்தத்துக்காகச் செய்தாலும் பாதி முடிந்த வசதிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஒரே மோதலை மூன்று கிளைகளில் மூன்று முறை தீர்ப்பது சலிப்பூட்டும், சலிப்பில் தப்பு நடக்கும். 'ரெரெரெ' அமைப்பை இயக்கி வையுங்கள். ஒருமுறை தீர்த்த மோதலை நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வந்தால் தானே தீர்க்கும். தீர்த்த பதிவு 60 நாளும் தீர்க்காதது 15 நாளும் இருக்கும் என்பது இயல்பு அமைப்பு. தவறாகத் தீர்த்துவிட்டால் அந்தத் தவறையும் அது நினைவில் வைத்திருக்கும். 'கிட் ரெரெரெ ஃபர்கெட்' என்று கோப்பின் பெயரைக் கொடுத்து மறக்கச் செய்ய வேண்டும். மோதல் குறிகளில் இரு தரப்போடு மூல வரிகளையும் காட்டும் 'இசட்-டிஃப்3' பாணியையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூலம் தெரியாமல் மோதலைத் தீர்ப்பது ஊகம்தான்.

தவறு நடந்துவிட்டால்

முதன்மைக் கிளையில் சேர்ந்த ஒன்றை நீக்க 'ரிவர்ட்' (அதற்கு நேர்மாறான மாற்றத்தைப் புதுக் கமிட்டாகச் சேர்ப்பது) மட்டுமே வழி. மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்ய 'எம் 1' என்று கொடுத்து முதல் பெற்றோரைக் குறிப்பிட வேண்டும். பலரும் வழுக்குவது அதற்குப் பிறகுதான். பிழையைச் சரிசெய்து அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால், புதிதாகச் சேர்த்த திருத்தம் மட்டும் வரும். பழைய வேலை வராது. வரலாற்றின்படி அந்தக் கமிட்டுகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டுப் பிறகு மெர்ஜ் செய்ய வேண்டும், அல்லது கிளையைப் புதிய கமிட்டுகளாக ரீபேஸ் செய்து கொண்டுவர வேண்டும்.

ஃபோர்ஸ் புஷ் அவசியமான இடங்களில் 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' பயன்படுத்துங்கள். நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலிருந்து சர்வர் மாறியிருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் எடிட்டர்கள் பின்னணியில் தாமே 'ஃபெட்ச்' செய்துகொண்டிருந்தால் (சர்வரின் நிலையை இறக்கிக்கொண்டிருந்தால்), நாம் பார்க்காததையும் பார்த்ததாக அது எடுத்துக்கொள்ளும். 'ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' தெரிவையும் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். யாருடைய வேலையாவது அழிந்துவிட்டால் பதற வேண்டாம். அவருடைய கணினியில், கிளைகள் எங்கெங்கே நகர்ந்தன என்று கிட் வைக்கும் பதிவான 'ரெஃப்லாக்'கில் பழைய ஹேஷ் இருக்கும். கிளையிலிருந்து எட்ட முடியாத பதிவுகள்கூட இயல்பாக 30 நாள் தங்கும். ஒரு கிளையை அந்த ஹேஷில் உருவாக்கினால் போதும்.

ரகசியச் சாவி கமிட்டில் கலந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள், பிறகுதான் வரலாற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். 'ஃபில்டர்-ரெப்போ' கொண்டு வரலாற்றைத் துடைத்தாலும் ஃபோர்க்குகளிலும் (தளத்தில் மற்றவர்கள் எடுத்த நகல்கள்) மற்றவர்களின் க்ளோன்களிலும் (அவர்கள் கணினியில் உள்ள நகல்கள்) அது இருக்கும்; ஹேஷ் தெரிந்தால் தளத்திலும் திறந்து பார்க்க முடியலாம். சாவியை மாற்றியபின், பொதுக் களஞ்சியத்தின் வரலாற்றைத் திருத்தும் தொல்லை பெரும்பாலும் தேவைப்படாது.

டேகுகளும் அனுமதிகளும்

வெளியீட்டு டேகை விளக்கத்தோடும் கையொப்பத்தோடும் உருவாக்குங்கள். டேகிலிருந்து பதிப்புப் பெயரைத் தரும் 'கிட் டிஸ்க்ரைப்' இயல்பாக விளக்கமுள்ள டேகுகளை மட்டுமே பார்க்கும். தானியங்கிச் சோதனையில் பதிப்பு எண் விசித்திரமாக வந்தால், பெரும்பாலும் காரணம் அங்கே கடைசி ஒரு கமிட் மட்டும் இறக்கப்பட்டிருப்பதுதான். ஆழத்தை முழுமையாக்கினால் டேகுகளும் வரும்.

வெளியிட்ட டேகை நகர்த்தாதீர்கள். கிட் 2.20 முதல் ஃபெட்ச், ஏற்கெனவே உள்ள டேகைக் கட்டாயப்படுத்தாமல் மாற்றாது. ஆகவே நகர்த்தினால் சிலரிடம் பழைய வி2.4.0, சிலரிடம் புதியது என்று இரண்டு உண்மைகள் உலவும். பிழை இருந்தால் வி2.4.1 வெளியிடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை. டேக் நகரக்கூடியது என்பது தாக்குபவர்களுக்கும் தெரியும். 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' அமைப்பின் 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்ற கிட்ஹப் செயல்தொகுப்பின் (பில்டின்போது அழைக்கும் ஆயத்த நிரலின்) பதிப்பு டேகுகள் தீங்கான கமிட் ஒன்றுக்குத் திருப்பப்பட்டன. அதைப் பயன்படுத்திய திட்டங்களின் ரகசியங்கள் பில்ட் பதிவுகளில் கசிந்தன. நாம் பயன்படுத்தும் வெளிச் செயல்தொகுப்புகளை டேக் பெயரால் அழைக்காமல் முழு 40 எழுத்து ஹேஷால் அழைப்பது இதனால்தான். நம் களஞ்சியத்திலும் கிளைகளைப் போலவே டேகுகளுக்கும் பாதுகாப்பு விதி போட வேண்டும்.

2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிப்பட்ட, கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் பின்கதவு (ரகசிய நுழைவழி) வேறொன்றைக் காட்டியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பின்கதவைத் தூண்டிய பில்ட் கோப்பு, கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கான டார் தொகுப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை எவ்வளவு கவனமாக ரிவியூ செய்திருந்தாலும் அந்தக் கோப்பு கண்ணில் பட்டிருக்காது. வெளியீட்டுத் தொகுப்பை ஒருவரின் மடிக்கணினியில் உருவாக்காமல், டேகிலிருந்து பொதுவில் தெரியும் பில்ட் வழியாக 'கிட் ஆர்க்கைவ்' கொண்டு உருவாக்குங்கள். டேகிலிருந்து யார் உருவாக்கினாலும் அதே கோப்புகள் வர வேண்டும், வராவிட்டால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடிய வேண்டும்.

எழுதும் அனுமதியைத் தாராளமாகக் கொடுக்காமலே பங்களிப்பாளர்களை நம்ப முடியும். ரிவியூ செய்ய எழுதும் அனுமதி தேவையில்லை, பிழைப் பட்டியலை ஒழுங்கு செய்யவும் தேவையில்லை. வெளியிடும் உரிமை மட்டும் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் நோயில் படுத்தாலும் பாதுகாப்புத் திருத்தம் வெளிவர வேண்டும்.

ஒரு பதிப்பின் ஆதரவு முடிந்ததும் அதன் கிளையைச் சும்மா விட்டுவைக்காதீர்கள். யாராவது அதற்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அந்த உழைப்பு வீணாகும். கடைசி வெளியீட்டில் ஆதரவு முடியும் தேதியை முன்பே அறிவியுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தேதி வந்ததும், திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களுக்குக் காரணம் எழுதி மூடி, கிளையின் நுனியில் முடிவு டேக் ஒன்று வைத்து, கிளையை எழுத முடியாதபடி பூட்டுங்கள். அழிக்க விரும்பினாலும் அந்த டேக் இருப்பதால் கமிட்டுகள் எங்கும் போகாது. பின்னால் யாருக்காவது பழைய பதிப்பில் ஒரு திருத்தம் வேண்டும் என்றால், டேகிலிருந்து தாங்களே கிளை பிரித்துக்கொள்ளலாம் என்பதையும் அந்த டேகின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.